குஞ்சு நிற்கும் உயரம்

மஞ்சுளாவுக்குப் பயம் பிடித்தது பாராட்டு வந்த அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

சேந்தமங்கலம் போகிற ரோட்டில், ஜவ்வரிசி செய்த, இப்போது ஓடாத சேகோ மில் ஒன்றைத் தாண்டி, வேப்ப மரங்கள் நிற்கிற காம்பவுண்டுக்குள் இருந்தது அந்த அரசுத் தரவு மையம். பலகையில்தான் அந்தப் பேர். பஸ் கண்டக்டருக்கு அது 'கம்ப்யூட்டர் குடோன்'. உள்ளே நெல்லும் இல்லை, மஞ்சளும் இல்லை. பட்டா, சிட்டா, பிறப்பு, இறப்பு, ரேஷன் கார்டு என்று ஒரு மனுஷனைப் பற்றி அரசாங்கத்துக்கு என்னவெல்லாம் தெரியுமோ அதெல்லாம், கறுப்பு அலமாரிகளில் தட்டுத் தட்டாக அடுக்கிய மிஷின்களுக்குள் இருந்தது. மிஷின்கள் ராப்பகலாகச் சூடாகும். ஏசி ராப்பகலாக அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். ஏசியைப் பார்ப்பது, பேட்டரியைப் பார்ப்பது, தரையைத் துடைப்பது, ஏதாவது கத்தினால் மேடத்துக்குச் சொல்வது, இதெல்லாம் மஞ்சுளாவின் வேலை. காண்ட்ராக்ட் வேலைதான். மேடம் என்றால் மோகனப்பிரியா, சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து பஸ் மாறி வருகிற இன்ஜினியர்ப் பெண். அவளும் காண்ட்ராக்ட்தான். உட்கார நாற்காலி இருக்கிற காண்ட்ராக்ட்.

தை மாதத்தில் சென்னையிலிருந்து ஒரு புது விதி வந்திருந்தது. அரசாங்க மிஷின் அறைகள் இனிமேல் கரண்ட்டைக் கண்டபடி குடிக்கக் கூடாது. கட்டடம் முழுவதும் வாங்குகிற கரண்ட்டை, மிஷின்கள் மட்டும் தின்கிற கரண்ட்டால் வகுத்துப் பார்க்க வேண்டும். வருகிற எண் ஒன்றரைக்குள் இருந்தால் மையம் பிழைத்தது. மேலே போனால் இழுத்து மூடி, மிஷின்களை லாரியில் ஏற்றி சென்னைக்கே கொண்டுபோய்விடுவார்கள்.

"மிஷின் தின்னுறவன்னு வெச்சுக்கங்கக்கா. ஏசி அவனுக்கு விசிறி வீசுறவன்," என்று மோகனப்பிரியா விளக்கினாள். "வீசுறவன் தின்னுறவனுக்குச் சமமா தின்னுட்டு இருந்தா யாரு கட்டுபடியாவாங்க? அதான் விதி. ஒண்ணும் அநியாயமில்ல."

அந்த எண்ணைக் காட்டுவதற்கு வாசலில் ஒரு சிவப்பு எழுத்துப் பலகையையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காவலாளி சடையன் அதற்கு 'ஜாதகம்' என்று பேர் வைத்தார். காலையில் வந்ததும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஜாதகம் சரியில்லீங்க அம்மிணி. ஒண்ணு புள்ளி ஒம்போது. சனி உச்சத்துல நிக்கறான்," என்பார்.

சனியை இறக்க மூன்று பேரும் பாடுபட்டார்கள். பதினெட்டு டிகிரியில் நடுங்கிக்கொண்டிருந்த அறையை இருபத்தைந்துக்கு ஏற்றினார்கள். அதற்கு மேல் குளிர வைப்பது வீண் செலவு, மிஷினுக்கு அந்தச் சூடு தாங்கும் என்று விதியிலேயே எழுதியிருந்தது. அலமாரிகளுக்கு இடையிலிருந்த சந்துகளை எல்லாம் மஞ்சுளா முட்டிபோட்டுத் தவழ்ந்து, அட்டை வெட்டி அடைத்தாள். எண் ஒன்று புள்ளி ஏழுக்கு வந்தது. அங்கேயே செக்கு மாடு போல நின்றுவிட்டது.

அப்படித் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு நாளில்தான் அவள் கண்ணில் அந்த சென்சார் பட்டது. தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா, வாலில் ஒரு ஒயர். அது காட்டுகிற சூட்டைப் பார்த்துத்தான் ஏசி கூடவோ குறையவோ ஓடும். அதை அலமாரியின் உச்சியில், ஆள் தலைக்கும் மேலே கட்டிவைத்திருந்தார்கள். இடம் தப்பு என்று மஞ்சுளாவுக்குப் பட்டது.

காரணம் இருக்கிறது. அவளும் அவள் வீட்டுக்காரன் பூபதியும் தோட்டத்தில் போட்ட கொட்டகைச் செட்டில், பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை வாங்கி, முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு வளர்த்துக் கொடுக்கிறவர்கள். குஞ்சுக்கு முதல் வாரம் தாய்ச்சூடு வேண்டும். தகரத்தை வளையமாகக் கட்டி, உள்ளே உமி பரப்பி, காகிதம் விரித்து, மேலே குண்டு பல்பு தொங்கவிட வேண்டும். தெர்மாமீட்டரை உமிக்கு நாலு விரல் உயரத்தில், குஞ்சின் முதுகு மட்டத்தில் கட்ட வேண்டும். நாமக்கல் பக்கத்தில் பண்ணை வைத்திருக்கிற எவருக்கும் இது தெரியும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு மார்கழியில், குனிந்து பார்க்கச் சோம்பல்பட்ட பூபதி அதைத் தன் நெஞ்சு உயரத்தில் கட்டிவிட்டான். மேலே பல்புக்குப் பக்கத்தில் சூடு சரியாகத்தான் காட்டியது. கீழே குஞ்சுகள் குளிர் தாங்காமல் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடியில் இருந்தவை மூச்சு முட்டிச் செத்தன. விடிந்ததும் மஞ்சுளா தீவனச் சாக்கில் அள்ளினாள். அடியிலிருந்து எடுத்தவை கையில் இன்னும் சூடாக இருந்தன. அந்தச் சூடு அவள் உள்ளங்கையை விட்டு இன்றுவரை போகவில்லை.

ஆகவே அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, சென்சாரை அவிழ்த்து, கீழே முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டினாள். இதைப் போய் மேடத்திடம் ஒரு சமாச்சாரமாகச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. கோணலாக இருந்த காலண்டரை நேராக மாட்டியதை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

மறுநாளே ஏசி மூச்சு வாங்குவது குறைந்தது. வாரம் திரும்புவதற்குள் எண் ஒன்றரைக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. அட்டை வெட்டி அடைத்ததன் பலன் என்று மோகனப்பிரியா மேலே எழுதினாள். அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் சென்னையிலிருந்து போன் வந்தது. உங்கள் மையம்தான் மற்ற மையங்களுக்கு முன்மாதிரி, நாளைக்கு ஒரு குழு நேரில் பார்க்க வருகிறது என்று சொன்னார்கள். மோகனப்பிரியா போனை வைத்துவிட்டு மஞ்சுளாவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, பொழச்சோம்க்கா! இனி யாரும் நம்மள மூட முடியாது," என்றாள். சடையன் ஜிலேபி வாங்க சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வருகிறவர்கள் கண்ணில் தூசி படக் கூடாதே என்று மஞ்சுளா ஈரத்துணியும் ஸ்டூலுமாக உள்ளே போனாள். அலமாரியின் உச்சியைத் துடைக்க ஏறினாள். அடுப்பு மூடியைத் திறந்தது போல முகத்தில் அடித்தது அனல்.

கீழே குளுகுளுவென்று இருக்கிறது. மேல் தட்டில் ஒரு பழைய மிஷின், அதன் விசிறி வீல் வீல் என்று கத்திக்கொண்டிருக்கிறது. கத்தல் நாலைந்து நாளாகவே காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பழைய மிஷின், அப்படித்தான் கத்தும் என்று விட்டிருந்தாள். இப்போது அதன்மேல் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். மிஷின் நெற்றியில் ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. 'இரத்த வங்கி'.

ஸ்டூலில் நின்றபடியே அவள் தரையைப் பார்த்தாள். தரைப் பலகைகளில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. ஏசிக் காற்று அந்த ஓட்டைகள் வழியாகக் கீழேயிருந்துதான் வருகிறது. குளிர் புறப்படுகிற வாயிலேயே அவள் சென்சாரைக் கட்டியிருக்கிறாள். அது எந்நேரமும் குளிர் குளிர் என்று சொல்ல, ஏசி போதும் என்று படுத்துக்கொள்ள, மேல் தட்டு வெந்துகொண்டிருக்கிறது. குஞ்சுச் செட்டில் ஆள் உயரம் பொய் சொன்னது. இங்கே குஞ்சு உயரம் பொய் சொல்கிறது.

இறங்கியதும் கை டேக்கை அறுக்கத்தான் போனது. அறுத்து மேலே கட்டினால் ஏசி முழு மூச்சாக ஓடும், எண் ஏறும், நாளைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். அறுக்காமலே எழுந்து வந்தாள். வெளியே மோகனப்பிரியா போனில் தன் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். "எடுத்துக்குங்க அம்மிணி, ஜாதகம் தெளிஞ்ச சந்தோசத்துக்கு," என்று சடையன் ஜிலேபியை நீட்டினார். மஞ்சுளா வாங்கிக்கொண்டாள். பஸ் ஏறும்போதும் அது அவள் கையில் பிசுபிசுத்துக்கொண்டு இருந்தது.

வீட்டில் அன்றைக்கென்று புதுக் குஞ்சு வந்து இறங்கியிருந்தது. வேன்காரன் அட்டைப் பெட்டிகளைச் செட்டு வாசலில் அடுக்கிவிட்டுப் போயிருந்தான். பெட்டி முழுக்கக் கீச் கீச்சென்று ஒரே இரைச்சல். வெளியே வெக்கை இன்னும் இறங்கவில்லை. கொல்லிமலை, புகை மூட்டத்துக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்தது. பூபதி வாளியில் வெல்லத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தான்.

"கைகாலக் கழுவிட்டு வா. பொழுதுக்குள்ள எறக்கிப்புடலாம்," என்றான்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, அலகை ஒரு தடவை வெல்லத் தண்ணீரில் முக்கி, குடிக்கப் பழக்கி, வளையத்துக்குள் விட வேண்டும். கை தானாக அந்த வேலையைச் செய்தது.

"ஏனுங்க, ஒரு சமாச்சாரம் சொல்லோணும்."

"சொல்லு."

"குடோன்ல அந்த சென்சார நாந்தானுங்க எறக்கிக் கட்டுனேன்."

"அதான் அன்னைக்கே சொன்னீல்ல. நல்ல காரியம்."

"நல்ல காரியமில்லீங்க. தப்பாப் போச்சாட்ட இருக்குது." மேல் தட்டின் அனலையும் ஓட்டைத் தரையையும் அவள் சொல்லி முடித்தாள்.

பூபதி சிரிக்கப் பார்த்தான். "மிஷினு என்ன கோழியா, வெக்கையில செத்துப்போறதுக்கு? அதுக்குள்ள உசுரா இருக்குது?"

"அது மேல எழுதி ஒட்டியிருக்குதுங்க. ரத்தம்னு எழுதியிருக்குது. எந்த ஆஸ்பத்திரியில எந்த ரத்தம் இருக்குதுன்னு அதக் கேட்டுத்தானுங்க சொல்லுவாங்க."

அவன் கையிலிருந்த குஞ்சு வாளித் தண்ணீருக்கு மேலேயே நின்றது. பிறகு அதை முக்கி, உள்ளே விட்டான்.

"இப்ப நீ மேல ஏத்திக் கட்டுனா என்னாகும்?"

"நம்பரு ஏறுமுங்க."

"ஏறுனா?"

"மூடுனாலும் மூடிருவாங்க. பொய்க் கணக்குக் காட்டுனாங்கன்னு அந்த மேடம் பேரும் கெட்டுப் போகும். சடையண்ணனுக்கு இந்த வயசுல வேற எடத்துல யாரு வேல தருவாங்க?"

"உனக்கு மட்டும் தருவாங்களாக்கு?" பூபதி குரலை இறக்கினான். "இங்க பாரு மஞ்சு. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்தக் கதையாயிரும். நாளைக்கு அவங்க வந்து பாத்துட்டுப் போவட்டும். அப்பறமேட்டு கமுக்கமா ஏத்திக் கட்டிப்போடு. கொஞ்சங்கொஞ்சமா நம்பரு ஏறுனா வெயிலு மேல பழியப் போட்டுக்கலாம். ஒரு நாள்தான? ஒரு நாள்ல என்ன குடி முழுகிப் போவுது?"

"அன்னைக்கும் ஒரு ராத்திரிதானுங்க."

அவள் குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. பூபதி தலையைக் குனிந்துகொண்டான்.

"குஞ்சு பரவால்லீங்க," என்றாள் அவளே. "குளுந்தா கூட்டம் கூடும், வெந்தா ஓரத்துக்கு ஓடி வாயப் பொளக்கும். பாத்தாத் தெரியும். அது அப்படி இல்லீங்களே. கருப்பா அப்படியே நிக்குதுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

"எனக்குந்தான் பயமா இருக்குது," என்றான் பூபதி. "உன்ற சம்பளம் இல்லைன்னா இந்தச் செட்ட எப்படி ஓட்டறது? அதுக்குந்தான் பயமா இருக்குது."

அரிசியும் பருப்புஞ் சோறு ஆக்கி இறக்கினாள். அவனுக்குப் போட்டுவிட்டு, தனக்குப் போட்டுக்கொண்டதை நாய்க்கு வைத்தாள். படுத்தால் காதுக்குள் அந்த விசிறி வீல் வீல் என்றது.

மறுநாள் விடிந்த வெயிலே மத்தியான வெயில் போல இருந்தது. பஸ் ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடுகள் இலை சுருண்டு நின்றன. மஞ்சுளா எல்லோருக்கும் முந்திப் போனாள். பயந்தவர்கள் செய்கிற வேலை எல்லாம் அரைவேலையாகத்தான் இருக்கும். அவளும் அப்படி ஒன்று செய்தாள். ஸ்டோர் ரூமிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஸ்டூல்மேல் வைத்து, ரத்த மிஷினைப் பார்த்துத் திருப்பிவிட்டாள். அனலைத்தான் அது திருப்பித் திருப்பி அடித்தது. விசிறியின் கத்தல் குறையவில்லை.

மோகனப்பிரியா புதுச் சேலையில் வந்தாள். சேலத்திலிருந்து தட்டுவடை செட் கட்டி வாங்கி வந்திருந்தாள், வருகிறவர்களுக்குக் கொடுக்க. உள்ளே வந்து பார்த்து, "இதென்னக்கா ஃபேன்? எடுத்துருங்க. ஏசி ரூமுல ஃபேன் ஓடுறதப் பாத்தா சிரிப்பாங்க," என்றாள்.

"மேடம், மேல கொஞ்சம் சூடா..."

"இருபத்தஞ்சுதான காட்டுது? விதியிலயே அதுக்கு இடம் இருக்குக்கா. பயப்படாதீங்க." அவளே ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனாள். மஞ்சுளா ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள்.

கார் வந்தது. இளவழகன் என்று ஒரு அதிகாரி, கூட இரண்டு பேர். வாசலிலேயே நின்று எண் பலகையைப் படம் எடுத்தார்கள். ஒன்று புள்ளி நான்கு ஐந்து. சடையன் சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். மோகனப்பிரியா அட்டை அடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மஞ்சுளா உள்ளே தனியாக நின்றாள். அப்போது அந்தக் கத்தல் நின்றது.

சட்டென்று நின்றது. மற்ற மிஷின்கள் இரைந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் அவளுக்கு அறையே ஊமையானது போல இருந்தது. கத்துகிற குஞ்சைப் பற்றிப் பண்ணைக்காரர்கள் பயப்பட மாட்டார்கள். கத்திக்கொண்டிருந்தது அடங்கினால்தான் எழுந்து ஓடுவார்கள். ரத்த மிஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து பேசறனுங்க. ரத்தக் கம்ப்யூட்டரு திடீர்னு நின்னு போச்சு. அங்க ஏதாச்சும் ரிப்பேருங்களா?" நர்ஸின் குரலில் மூச்சு வாங்கியது. "பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது. அந்த குரூப்பு இங்க இல்ல. எங்க இருக்குதுன்னு பாக்கோணும். சீக்கிரம் சொல்லுங்க."

"இருங்க," என்றாள் மஞ்சுளா. போனை வைத்துவிட்டு ஓடினாள். கத்தரி எங்கே இருக்கிறது என்று தேடவில்லை. தரையில் படுத்து டேக்கைப் பல்லால் கடித்தாள். வாசல் பக்கமிருந்து மோகனப்பிரியா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பின்னால் அதிகாரிகளின் செருப்புச் சத்தம்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"சென்சார நாந்தானுங்க மேடம் எறக்கிக் கட்டுனேன். மேல எல்லாம் வெந்துபோய்க் கெடக்குது. ரத்த மிஷின் அவிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியிலருந்து போன் பண்றாங்க."

மோகனப்பிரியாவின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. அவள் கெட்டிக்காரப் பெண். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. தான் எழுதி அனுப்பியது பொய் என்பதும் விளங்கிவிட்டது. அவள் கிசுகிசுத்தாள்: "அக்கா, ஒரு பத்து நிமிஷம். அவங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடறேன். அதுக்கப்புறம் மேல கட்டிக்கலாம். ப்ளீஸ்க்கா."

மஞ்சுளா அவளைப் பார்த்தாள். நேற்று பூபதியின் முகத்தில் இருந்தது அப்படியே இந்த முகத்திலும் இருந்தது. தன் முகத்திலும் அதுதான் இருக்கும். "குஞ்சு ஏறிக்கிட்டுக் கெடக்குதுங்க மேடம்," என்றாள். மோகனப்பிரியாவுக்கு அது புரிந்திருக்காது. டேக் அறுந்தது. மஞ்சுளா ஸ்டூலில் ஏறி, அனலுக்குள் தலையை நீட்டி, சென்சாரைப் பழைய இடத்தில் கட்டினாள்.

ஏசி ஒரு உறுமல் உறுமி எழுந்தது. தரை ஓட்டைகளிலிருந்து காற்று பீறிட்டுச் சேலை முந்தானையைத் தூக்கியது.

"அம்மிணி!" என்று வாசலிலிருந்து சடையன் கத்தினார். உள்ளே நடப்பது அவருக்கு எங்கே தெரியும்? "அம்மிணி, ஜாதகம் ஏறுது! ஒண்ணு அஞ்சு... ஒண்ணு ஆறு... ஐயோ, நிக்காம ஏறுதுங்க!"

இளவழகன் கதவருகில் நின்றார். ஸ்டூல்மேல் நிற்கிற பெண்ணையும், பேயறைந்தது போல நிற்கிற இன்ஜினியரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நடக்குது இங்க?" என்றார்.

மஞ்சுளா இறங்கி நின்று சொன்னாள். குஞ்சுச் செட்டை, தெர்மாமீட்டரை, சென்சாரை இறக்கிக் கட்டியதை, நேற்றே தெரிந்தும் சொல்லாததை.

"மேல அவ்வளவு சூடாயிருந்தா அந்த மிஷினே எச்சரிக்கை அனுப்பியிருக்கணுமே?" என்று கூட வந்தவர் கேட்டார். அது தினந்தோறும் அனுப்பித்தான் இருக்கிறது, எப்போதோ மாறுதலாகிப் போன ஒரு அதிகாரியின் ஈமெயில் விலாசத்துக்கு. அது பிறகு தெரிந்தது.

"சரிம்மா," என்றார் இளவழகன். "இப்ப இந்த சென்சார் எங்க இருக்கணும்? மேலயா, நடுவுலயா? உங்களுக்குத்தான் பண்ணை அனுபவம் இருக்கே, சொல்லுங்க." கேலியா நிஜமா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க சார்," என்றாள் மஞ்சுளா. "தெரியும்னு நெனச்சதாலதானுங்க இப்படி ஆச்சு."

மோகனப்பிரியாதான் புதுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து ஒயரைப் பிடித்தாள். "நான் பாக்கறேன் சார். நம்பர் எறங்கினதும் ஏன் எறங்குச்சுன்னு நான் வந்து பாத்திருக்கணும். பாக்கல. எறங்கினதே போதும்னு இருந்துட்டேன்," என்றாள்.

மேல் தட்டு ஆறி, மிஷினை உயிர்ப்பிக்க அரை மணிக்கு மேல் ஆனது. விளக்கு பச்சையானதும் மஞ்சுளா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. அதிகாரிகள் கிளம்பும்போது எண் பலகையை மறுபடி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று புள்ளி எட்டு. மேலே எழுதுகிறோம் என்று மட்டும் இளவழகன் சொன்னார். தட்டுவடை செட் பொட்டலம் பிரிக்காமலே மேஜைமேல் கிடந்தது.

"என்ன எழுதுவாங்க அம்மிணி?" என்று சடையன் கேட்டார்.

"தெரியலீங்கண்ணா."

அன்றைக்கு அவளுக்கு வேலையைப் பற்றிய பயம் இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது. ஆனால் அதன் தலைமேல் இன்னொரு பயம் ஏறி உட்கார்ந்து அதை நசுக்கிக்கொண்டிருந்தது. சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு டிக்கெட் எடுத்தவள், ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

பிரசவ வார்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அதில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வயது ஐம்பது இருக்கும். காட்டு வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்க வேண்டும், கால் நகத்தில் செம்மண் காய்ந்திருந்தது. மடியில் மூடாத ஃபிளாஸ்க். உள்ளே போய் நர்ஸிடம் கேட்கிற தைரியம் மஞ்சுளாவுக்கு இல்லை.

"ஏனுங்கம்மா, இங்க மத்தியானம் ஒரு பொண்ணுக்கு ரத்தம் கேட்டாங்களே..."

"என்ற புள்ளைக்குத்தான்," என்றாள் அந்த அம்மாள். பேர் பொன்னாயி, நாமகிரிப்பேட்டைப் பக்கம். பேசக் கிடைத்த ஆளை விடாமல் பேசினாள். "கொழந்த பொறந்திருச்சு. ஆம்பளப் பையன். தாயிக்குத்தான் ரத்தம் நிக்கல. எங்க ரத்தம் இருக்குதுன்னு தெரியாம அந்த நர்சம்மா ஊரெல்லாம் போன் போட்டுச்சு. ஏதோ கம்ப்யூட்டரு அவிஞ்சு போச்சாம். நான் இந்தத் தரையில உழுந்து அழுதேன். அப்பறம் கம்ப்யூட்டரு வந்திருச்சு, ராசிபுரத்துல இருக்குதுன்னு காட்டிருச்சு. வண்டியில கொண்டாந்து ஏத்தியிருக்காங்க. எந்தப் புண்ணியவதி அத ஓட வெச்சாளோ, நல்லா இருக்கோணும் அவ."

மஞ்சுளாவுக்கு நேற்று கையில் பிசுபிசுத்த ஜிலேபி நினைவுக்கு வந்தது. மறுபடியும் பாராட்டு. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

"ஓட வெச்சது நாந்தானுங்கம்மா," என்றாள். "அத அவிய வெச்சதும் நாந்தானுங்க."

"என்ன சொல்ற?"

"அங்க வேல செய்யறனுங்க. தெரியாம ஒண்ணு பண்ணிப்போட்டேன், அதுல மிஷின் சூடேறிப் போச்சு. நேத்தே பாத்தனுங்க. பயந்துக்கிட்டு யார்கிட்டயும் சொல்லல. நேத்தே சொல்லியிருந்தா இன்னைக்கு உங்க புள்ளைக்கு ரத்தம் நேரத்துக்கு வந்திருக்குமுங்க."

பொன்னாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் ஒரு நெருப்பு எழுந்தது. அடிப்பாள் என்றே மஞ்சுளா நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள். வார்டுக் கதவு திறந்து ஒரு ஆயா வெளியே வந்தாள். இரண்டு பேரும் ஒன்றுபோல அந்தப் பக்கம் திரும்பினார்கள். ஆயா வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

"எம்புள்ள இன்னும் கண்ணு முழிக்கல," என்றாள் பொன்னாயி. குரல் உடைந்திருந்தது. "முழிக்கட்டும். முழிச்சாள்னா அப்பறம் உன்னைய நல்லா வையறேன். ஏழு தலைமொறைக்கும் காணற மாதிரி வையறேன். இப்ப எனக்குத் தெம்பு இல்ல." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். "நின்னுக்கிட்டே இருக்கறயே. ஒக்காரு சாமி."

மஞ்சுளா உட்கார்ந்தாள். அந்த வசவு தனக்குக் கிடைக்க வேண்டும், இன்றைக்கே கிடைக்க வேண்டும் என்று, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டு வேண்டிக்கொண்டாள்.